சுவரில் பூஞ்சை, பிள்ளைக்கு இழுப்பு: துடைத்தால் மட்டும் போதுமா?

தீபாவளியை ஒட்டிய மாதங்களில்தான் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மழை அதிகம். அக்டோபர், நவம்பர் என்றால் பிற்பகலில் வானம் கறுத்து, இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிடுகிறது. அலோர் காஜா, புலாவ் செபாங், மஸ்ஜிட் தானா, டுரியான் துங்கால், லூபோக் சீனா என எந்தப் பக்கம் போனாலும் இதே நிலைதான். மழை தொடர்ந்து பெய்த சில நாட்களிலேயே பல வீடுகளில் வேறொன்று தலைகாட்டுகிறது. அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், குளியலறையை ஒட்டிய சுவரில், சீலிங் பலகையில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய்ப் பூஞ்சை.

அதே வீட்டில் சின்னப் பிள்ளைக்கு இரவு இருமல் நிற்கவில்லை, பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. இருமலுக்குக் கிளினிக், சுவருக்குக் குளோரோக்ஸ் என்று தனித்தனியாக முடித்துக்கொள்கிறோம். அடுத்த மழைக்கு இரண்டும் திரும்பி வருகின்றன.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. வீட்டில் பூஞ்சை என்றால் பழி வீட்டுப் பெண் மீது விழுகிறது. "வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் இப்படி வருமா?" என்று மாமியார் கேட்கிறார், வீட்டுக்காரர் கேட்கிறார், தோட்டத்தில் நிர்வாகமும் கேட்கிறது. இந்தக் கேள்வியே தவறு. பூஞ்சைக்கு வேண்டியது அழுக்கு அல்ல, ஈரம். ஈரம் எங்கிருந்தோ வருகிறது. அது வரும் கூரைக்கோ குழாய்க்கோ சுவருக்கோ ஒரு பொறுப்பாளி இருக்கிறார். அவர் யார் என்று கண்டுபிடிக்காமல் சுவரை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதால்தான் பிரச்சினை தீருவதில்லை.

ஒரு குழந்தையின் மரணம் மாற்றிய சட்டம்

"குடியிருப்பவர்களின் பழக்கம்தான் காரணம்" என்ற வாதம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. அங்குள்ள ரோச்டேல் நகரில், சூடானில் இருந்து குடியேறிய ஒரு தம்பதி, வீடமைப்புக் கழகம் ஒன்றுக்குச் சொந்தமான ஓர் அறை அடுக்கு வீட்டில் வாடகைக்கு இருந்தனர். குளியலறையிலும் சமையலறையிலும் பூஞ்சை படர்ந்தது. தந்தை 2017இலேயே புகார் செய்தார். மேலே சாயம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

அந்த வீட்டில் பிறந்த அவாப் இஷாக் என்ற ஆண் குழந்தை 2020 டிசம்பரில், இரண்டே வயதில், மூச்சுக் கோளாறால் இறந்தான். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோவான் கியர்ஸ்லி தீர்ப்பளித்தார். வீட்டில் நீண்ட காலமாகப் பூஞ்சையைச் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று அவர் சொன்னார். குடும்பத்தின் குளிக்கும் பழக்கமும் வாழ்க்கை முறையும்தான் ஈரத்துக்குக் காரணம் என்று தாங்கள் தவறாக எண்ணிவிட்டதாக அந்த வீடமைப்புக் கழகம் பின்னர் ஒப்புக்கொண்டது. அதன் தலைமை அதிகாரி பதவி இழந்தார்.

இத்தோடு விஷயம் முடியவில்லை. 2023இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சமூக வீடமைப்புச் சட்டத்தில் "அவாப் சட்டம்" என அழைக்கப்படும் விதிகளைச் சேர்த்தது. அவற்றின் முதல் கட்டம் 2025 அக்டோபர் 27ஆம் நாள் நடப்புக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை. கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு. ஆய்வு முடிந்து 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும். பூஞ்சையைச் சுத்தப் பிரச்சினையாகப் பார்த்த ஒரு நாடு, அதை வீட்டு உரிமையாளரின் கடமையாக மாற்றி, நாள் கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறது.

குளிர்நாட்டு விஷயம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் காற்றில் ஈரப்பதம் மாதச் சராசரியாக 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. பூஞ்சைக்கு இங்கே ஆண்டு முழுவதும் விருந்துதான்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகளைக் காற்றில் பரப்புகிறது. அவற்றையும் அவற்றின் துகள்களையும் நாம் சுவாசிக்கிறோம். எல்லாருக்கும் அதனால் நோய் வருவதில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, தோல் அரிப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். கைக்குழந்தைகள், முதியவர்கள், நுரையீரல் நோயாளிகள், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரமும் பூஞ்சையும் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்குச் சுவாசக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் அபாயம் 75 விழுக்காடு வரை கூடுதல் என்று அப்போது அது எச்சரித்தது. அதன் முக்கிய அறிவுரை, பூஞ்சையை அளந்து பார்ப்பது அல்ல. ஈரத்தைத் தடுப்பதும், வந்த ஈரத்தை உடனே சரிசெய்வதும்தான்.

இங்கே இரண்டு பக்கமும் எச்சரிக்கை தேவை. "சுவரில் பூஞ்சை இல்லாத வீடு எது?" என்று அலட்சியப்படுத்துவது ஒரு பக்கம். "கறுப்புப் பூஞ்சை விஷம், நினைவு போய்விடும், புற்றுநோய் வரும்" என்று புலனத்தில் வரும் செய்திகளை நம்பி நடுங்குவது மறு பக்கம். நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. கறுப்போ பச்சையோ வெள்ளையோ, எல்லாவற்றையும் அகற்றத்தான் வேண்டும். காசு கொடுத்துப் பூஞ்சைப் பரிசோதனை செய்ய வேண்டிய அவசியமும் பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு வாடை தெரிகிறது என்றால் அதுவே போதும். அந்தப் பணம் கூரைக்குப் போகட்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எல்லா இருமலும் பூஞ்சை இருமல் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், முக்கியமாக உடல் மெலிந்தாலோ இரவில் வியர்த்தாலோ, காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் ஈரம் எங்கிருந்து வருகிறது?

காற்றே ஈரமாக இருக்கும் நாட்டில் காற்றை உலர்த்துவது நடக்காத காரியம். நம் கையில் இருப்பது சுவரையும் கூரையையும் உலர்வாக வைத்திருப்பதுதான். அதற்கு முதலில் ஈரம் எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும்.

சீலிங்கிலோ சுவரின் மேல் பகுதியிலோ காப்பிக் கறை போல வளையம் தெரிந்தால் அது கூரை ஒழுகல். பழைய லயத்து வீடுகளில் தகரம் துருப்பிடித்த இடம், ஆணி அடித்த ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். தாமான் வீடுகளில் கூரை ஓடு விலகிய இடம், மழைநீர்க் காலில் இலை அடைத்த இடம், சமையல்கட்டை நீட்டிக் கட்டியபோது பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். இந்தக் கடைசி இடம்தான் நம் ஊர்த் தாமான்களில் ஒழுகலுக்குப் பேர்போனது.

சுவரின் அடியில் தொடங்கி இடுப்பு உயரம் வரை சாயம் உப்பி, உப்புப் பூத்து உதிர்ந்தால் தரையில் இருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். பின்புறக் கால்வாய் அடைத்துத் தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஆகும். 2022 புத்தாண்டு வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளில் சுவர் உள்ளுக்குள் குடித்த நீர் வெளியேற மாதக்கணக்கில் ஆனதைப் பாதிக்கப்பட்டவர்கள் அறிவார்கள்.

மழை இல்லாத நாளிலும் ஒரே இடம் நனைந்திருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகப்படுங்கள். இரவு படுக்கும்முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நிலையில் காலையில் எண் மாறியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது.

மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் மெத்தைக்கு அடியிலும் மட்டும் பூஞ்சை என்றால் காற்றோட்டம் போதவில்லை. கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து சன்னலைச் சாத்துகிறோம். பல்லி வருகிறது என்று காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து அடைக்கிறோம். மழை நாளில் துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறோம். இவை ஒவ்வொன்றும் ஈரத்தை உள்ளே பூட்டுகின்றன. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச் சட்டம், குடியிருப்பு அறை ஒவ்வொன்றுக்கும் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குச் சன்னலும், அதில் 5 விழுக்காடாவது காற்று தடையின்றிப் போக வழியும் இருக்க வேண்டும் என்கிறது. பின்பக்கம் முழுவதையும் அடைத்துச் சமையல்கட்டை நீட்டும்போது நடு அறையின் சன்னல் எங்கே திறக்கிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். பல வீடுகளில் அது சமையல்கட்டுக்குள்தான் திறக்கிறது.

ஏர்கோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். இரவெல்லாம் 16 டிகிரியில் ஓடவிட்டால் குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் வெளிக்காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். வெப்பநிலையைக் கூட்டி வையுங்கள். வடிகட்டியைக் கழுவுங்கள், நீர் போகும் குழாய் அடைக்காமல் பாருங்கள்.

தீபாவளிச் சாயம்

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல் இது. வீட்டுக்குச் சாயம் அடிப்பது தீபாவளிக்கு. அந்த நேரத்தில் சுவர் மழையில் ஊறிக் கிடக்கிறது. ஈரச் சுவரின் மேல் பளபளப்பான சாயம் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லை. பண்டிகைக்கு வீடு அழகாக இருக்கும். சில மாதத்தில் சாயம் உப்பி, அதன் அடியில் பூஞ்சை மீண்டும் படரும். அவாப்பின் தந்தையிடம் சொன்னதும் இதே மருந்துதான்: "மேலே சாயம் பூசு."

அந்தக் காலத் தோட்டங்களில் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதில் அறிவு இருந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. சுவரின் ஈரத்தையும் அது அடைத்து வைப்பதில்லை. எல்லாரும் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. மேற்குக் கரையில் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியிலோ ஜூன், ஜூலையிலோ கூரையைப் பழுது பார்த்து, சுவர் நன்றாகக் காய்ந்த பின் சாயம் அடிக்கலாம். பொங்கலையொட்டி வெள்ளையடித்த நம் பெரியவர்களின் கணக்கு மலாக்கா வானிலைக்கும் பொருந்தித்தான் வருகிறது.

பொறுப்பு யாருடையது?

ஈரத்தின் வழி தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பது. குடியிருக்கும் வீட்டின் வகையைப் பொறுத்து விடை மாறும்.

தோட்ட வீட்டில் வேலையாளாக இருப்பவர்களுக்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, பாதுகாப்பு தருகிறது. வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை. மருந்தகப் பணியாளரோ பொறுப்பான ஒருவரோ வாரம் ஒருமுறை தொழிலாளர் வீடுகளைப் பார்வையிட வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள இச்சட்டத்தின் பல விதிகளை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஆகவே ஒழுகும் கூரையைப் பற்றிக் கிராணியாரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் தொழிற்சங்கம் வழியாகத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டு போங்கள்.

கடினமான நிலையில் இருப்பவர்கள் வேறு சிலர். வேலை ஓய்வு பெற்ற பின்பும் அதே லயத்தில் இருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். இவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் அல்லர். நிர்வாகத்தின் கருணையில் இருக்கிறோம், புகார் சொன்னால் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயத்தில் ஒழுகலின் கீழ் வாளியை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். மூச்சுத் திணறல் அதிகம் வரக்கூடிய வயதும் இதுதான். ஒருவர் தனியாகப் புகார் செய்வதைவிட, லயத்தில் உள்ளவர்கள் சேர்ந்து, ஆலயக் குழுவோ உள்ளூர் இயக்கமோ முன்னின்று, எழுத்து மூலம் பழுதுபார்ப்பு கேட்பது பயத்தைக் குறைக்கும். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

அடுக்குமாடி வீட்டில் மேல்வீட்டில் இருந்து ஒழுகினால் 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு விதிகள் தெளிவாக இருக்கின்றன. நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்தால் 7 நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாட்களுக்குள் படிவம் 28 என்ற சான்றிதழ் தர வேண்டும். மாறாக நிரூபிக்கப்படும் வரை குறை மேல்வீட்டில் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. மேல்வீட்டுக்காரர் சரிசெய்யாவிட்டால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். நிர்வாகமே அசையாவிட்டால் நகராண்மைக் கழகத்தில் உள்ள கட்டட ஆணையரிடமும், அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றத்திடமும் போகலாம். மேல்வீட்டாரோடு சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொள்வதைவிட இது நல்ல வழி.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கியவர்களுக்குச் சாவி கிடைத்த நாளில் இருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. அதற்குள் ஒழுகல், வெடிப்பு, ஈரச் சுவர் எது தெரிந்தாலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் வைக்கலாம். நம்மவர்கள் பலர் முதல் மழையிலேயே ஒழுகலைப் பார்த்துவிட்டு, தெரிந்த குத்தகைக்காரரை வைத்துத் தார் பூசிச் சமாளித்துவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் உரிமை இரண்டே ஆண்டில் காலாவதியாகிவிடுகிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்தான் சட்டத்தில் அதிகம் விடுபட்டவர்கள். வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இப்போதைக்கு ஒப்பந்தப் பத்திரம்தான் துணை. கையெழுத்துப் போடும்முன் கூரை, குழாய், சுவர் பழுது உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் நாளில் சுவரையும் சீலிங்கையும் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். பிறகு "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று முன்பணத்தைப் பிடிக்க முடியாது.

சொந்த வீடு என்றால் பொறுப்பு நமதே. ஆனால் ஈரம் பக்கத்து வீட்டில் இருந்து வந்தால், கைவிடப்பட்ட வீட்டின் உடைந்த கூரையோ அடைத்த கால்வாயோ காரணமாக இருந்தால், அலோர் காஜா நகராண்மைக் கழகத்தில் புகார் செய்யலாம். உடல்நலத்துக்குக் கேடான நிலையில் இருக்கும் கட்டடங்கள் மீது நடவடிக்கை எடுக்க 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இடம் தருகிறது.

டிங்கில் சொல்லும் பாடம்

புகாரை ஆவணமாக்குவதும் ஒன்றாக நிற்பதும் ஏன் முக்கியம் என்பதற்கு நம் மக்களின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. புத்ராஜெயா உருவாக்கத்துக்காகப் பிராங் பெசார், செட்ஜ்லி, மேடிங்லி, காலோவே ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் 1990களின் கடைசியில் இடம்பெயர்க்கப்பட்டனர். ஏறக்குறைய 400 குடும்பங்கள் சிலாங்கூர், டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளில் குடியேறின. லயத்தில் இருந்து கல் வீட்டுக்கு வந்தது முன்னேற்றம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் சுவர் வெடிப்பும் கசிவும் அங்கே ஆண்டுக்கணக்கில் புகாராகவே இருந்தன. தரை வீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது.

கல் வீடு என்பதாலேயே அது நல்ல வீடு ஆகிவிடாது. அதில் காற்று வருகிறதா, மழை வராமல் இருக்கிறதா என்பதே கேள்வி. மலாக்காவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மாறும்போது, வீட்டின் எண்ணிக்கையைக் கேட்பது போலவே அதன் தரத்தையும் கேட்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

பொறுப்பாளி அசையும் வரை பிள்ளைகள் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்? உடனே செய்யக்கூடியவை இவை.

பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நாமே அகற்றலாம். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்து, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மின்விசிறி வைத்து நன்றாகக் காயவிடுங்கள். உலர்ந்த பூஞ்சையை விளக்குமாற்றால் தட்டவேண்டாம், வித்துகள் வீடெல்லாம் பறக்கும். ஆஸ்துமா உள்ளவரும் சின்னப் பிள்ளையும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டாம்.

குளோரோக்ஸைக் கழிவறை கழுவும் அமிலத்தோடோ சுக்காவோடோ கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பூஞ்சையை விட அது உடனடி ஆபத்து. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் மேலே ஊற்றிவிட்டு விடுவது பயனில்லை, கழுவி அகற்ற வேண்டும்.

பூஞ்சை ஏறிய மெத்தை, தலையணை, ஊறிப்போன சீலிங் பலகை ஆகியவற்றை மீட்க முடியாது. மனசில்லாவிட்டாலும் தூக்கிப் போட வேண்டும். வெள்ளமோ ஒழுகலோ வந்தால் நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு குறைவு. பழைய வீட்டில் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குத் தனி ஆபத்து.

அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரில் இருந்து ஒரு கை அளவாவது தள்ளி வையுங்கள். மெத்தையைத் தரையில் போடுபவர்கள் காலையில் அதை எடுத்து நிறுத்திவையுங்கள். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி ஏற்றும்போது இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் அறையில் சன்னல் திறந்திருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது இருமலை மட்டும் சொல்லாமல், சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். எப்போது இருமல் வந்தது, பாட்டி வீட்டில் இருந்தபோது குறைந்ததா, வீடு திரும்பியதும் கூடியதா என்று இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து, சுவரின் படத்தோடு காட்டுங்கள். மருத்துவருக்கும் உதவும், புகாருக்கும் ஆதாரமாகும். குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். கொடுத்த இன்ஹேலரை "பழக்கமாகிவிடும்" என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினால், விலா எலும்பு உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறினால் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அலுவலகத்துக்கு அளவு உண்டு, வீட்டுக்கு?

நம் நாட்டில் வேலையிடங்களுக்கு உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதி 2010இல் இருந்தே இருக்கிறது. ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு, பூஞ்சை ஒரு கன மீட்டர் காற்றில் 1,000 அலகுக்குள் என்று அளவெல்லாம் போட்டிருக்கிறார்கள். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் எட்டு மணி நேரம் இருக்கும் அதிகாரிக்கு ஒரு வரம்பு. லயத்திலும் அடுக்குமாடியிலும் நாள் முழுவதும் இருக்கும் குழந்தைக்கும் தாய்க்கும் அப்படி ஒன்றும் இல்லை.

வீடுகளுக்கும் காற்றை அளக்கும் விதி வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்பது நாள் கணக்கு. மேல்வீட்டு ஒழுகலுக்கு 7 நாள் என்று நம் சட்டமே சொல்லும்போது, தோட்ட வீட்டின் கூரைக்கும் அரசாங்க வாடகை வீட்டின் குழாய்க்கும் தனியார் வாடகை வீட்டின் சுவருக்கும் ஏன் அப்படி ஒரு கெடு இருக்கக்கூடாது? வரப்போவதாகச் சொல்லப்படும் வாடகைச் சட்டத்தில் இது இடம்பெற வேண்டும். தோட்டங்களில் வாராந்தரப் பார்வையிடலின் பதிவேட்டைத் தொழிலாளர் இலாகா உண்மையிலேயே புரட்டிப் பார்க்க வேண்டும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் தார்ச்சாலையைக் காட்டுவது போல, வீட்டுக்குள் அழைத்துச் சுவரையும் காட்டுவோம்.

அதுவரை, இந்த மழைக்காலத்தில் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பூஞ்சை தெரிந்தால், அந்த அக்காவைக் குறை சொல்வதற்குமுன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள்.